மழைக்கு மேடு, வெயிலுக்குக் குழி

தமிழகத்துக் காய்கறி லாரியை நம்பியிருந்த கேரளம் வீட்டுக் கொல்லையில் மண்ணைக் குவித்துப் பாத்தி போடுகிறது. மழை, அமில மண், வாடல் நோய், நத்தை என்று அத்தனையும் எதிரிகள்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் லாரி ஏறும் முருங்கையும் வெண்டையும் மறுநாள் விடிவதற்குள் கேரளத்துக் கடைகளுக்குப் போய்விடும். வாளையாறு, குமுளி, ஆரியங்காவு, களியக்காவிளை என்று எல்லைக்கு எத்தனை வாசல்கள் உண்டோ அத்தனையிலும் காய்கறி போகிறது. ஓணம் வந்தால் வரிசை இன்னும் நீளும். ஆனால் கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக இதோடு இன்னொரு காட்சியும் சேர்ந்திருக்கிறது. மே மாதக் கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண் இளகியதும், திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்களும் மண்வெட்டியோடு கொல்லைப்புறத்தில் இறங்குகிறார்கள். ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் குவித்து, நீளநீளமாக மேடு கட்டுகிறார்கள். மலையாளத்தில் அதற்கு 'வாரம்' என்று பெயர். நம் ஊரில் மேட்டுப்பாத்தி.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்ததன் விளைவுகளை மலையாளிகள் செய்தித்தாள்களில் ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்க நிறுத்தியது. அதற்குள் பூச்சிமருந்து என்ற சொல்லே கேரளத்தில் கெட்ட சொல்லாகிவிட்டது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் பரிசோதனைக்கூடம் கடைக் காய்கறிகளை வாங்கிச் சோதித்து, எதில் எவ்வளவு எச்சம் என்று வெளியிட ஆரம்பித்தபோது, கறிவேப்பிலையும் புதினாவும் கொத்தமல்லியும் அடிக்கடி மாட்டிக்கொண்டன. காய்கறி கழுவுவதற்கென்றே அந்தக் கூடம் ஒரு திரவத்தைத் தயாரித்து விற்பனைக்கு விட்டது. 2015-ல் விவகாரம் அரசியலாகவே மாறியது. தமிழகத்திலிருந்து வரும் காய்கறிகளில் மருந்து அதிகம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை சொல்ல, தமிழகம் மறுக்க, நடுவில் லாரிக்காரர்களும் வியாபாரிகளும் கையைப் பிசைந்தார்கள்.

சினிமாவும் கைகொடுத்தது. 2014-ல் வந்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' படத்தில் மஞ்சு வாரியர் மொட்டைமாடியில் காய்கறி வளர்த்து வாழ்க்கையை மீட்டுக்கொள்கிறார். மறு ஆண்டே அது '36 வயதினிலே' ஆகி ஜோதிகாவைத் தமிழுக்குத் திரும்ப அழைத்து வந்தது. தமிழகத்தில் ரசிகர்கள் ஜோதிகாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கேரளத்தில் பலர் படம் பார்த்துவிட்டு நாற்று வாங்கப் போனார்கள். (கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நீளக் காராமணி ரகம் ஒன்றின் பெயர் 'வெள்ளாயணி ஜோதிகா'. பெயர் ஒற்றுமை மட்டும்தான்.) அரசு தன் பங்குக்கு மானிய விலையில் 'குரோ பேக்' பைகளையும், ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என்ற பெயரில் விதைப் பாக்கெட்டுகளையும் கொடுத்தது. 2020 ஊரடங்கின்போது மிச்சமிருந்தவர்களும் தோட்டக்காரர்கள் ஆனார்கள்.

பையில் வளர்ப்பது சுலபம். ஆனால் இரண்டு மூன்று பருவத்தில் பிளாஸ்டிக் வெயிலில் பொடிந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் மண் இறுகிவிடுகிறது, தினம் இரு வேளை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருக்கிறது. ஐந்து சென்ட் நிலம் இருப்பவர்கள் மெல்ல மண்ணுக்கே திரும்பியிருப்பது அதனால்தான். திரும்பிய பிறகுதான் கேரளத்து மண்ணின் குணம் புரிகிறது.

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரி 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. சென்னையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள், பிறகு அக்டோபர், நவம்பரில் இடி மின்னலோடு ஒரு தவணை. சமதளத்தில் நட்ட மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரே வாரத்தில் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் எந்தக் காய்கறிச் செடியும் அதிக நாள் தாங்காது. மேட்டுப்பாத்தியின் முதல் வேலை இந்தத் தண்ணீரை வேரிலிருந்து விலக்குவதுதான். இரண்டாவது வேலை, கல்லும் சரளையுமாகக் கிடக்கும் செம்புரை மண்ணுக்கு மேலே வேர் இறங்கத் தோதான ஓரடி மண்ணை உண்டாக்குவது.

ஓரடி மண் என்பது லேசான சமாச்சாரம் அல்ல. 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரே ஒரு பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் மண் வேண்டும், அதாவது ஒரு டன்னுக்கு மேல். வெளியிலிருந்து லோடு இறக்கினால் செலவு ஒரு பக்கம், என்ன மண் வந்து சேரும் என்பது இன்னொரு பக்கம். கட்டட அஸ்திவாரம் தோண்டிய சுண்டிப்போன செம்மண்ணைக் 'கார்டன் சாயில்' என்று தலையில் கட்டும் வியாபாரம் எல்லா நகரத்திலும் உண்டு. விவரமானவர்கள் மண் வாங்குவதில்லை. பாத்திக்குப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு இப்படி. பாத்தி மூன்றடிக்குக் கொஞ்சம் அதிகம். இரு பக்கமும் உட்கார்ந்தால் கை நடுவரை எட்டவேண்டும், அதற்கு மேல் அகலம் கூடாது. பாத்திகளுக்கு நடுவே நடக்க ஒன்றரை அடி வழி. அந்த வழியின் மேல்மண்ணை அரையடி ஆழத்துக்கு வெட்டிப் பாத்திமேல் போட்டால் பாத்தி கால் அடி உயரும், வழி அரையடி இறங்கும். முக்கால் அடி வித்தியாசம் கைக்காசு இல்லாமல் கிடைத்துவிட்டது. மட்கிய சாணமும் தழையும் சேர்த்துக் கொத்திவிட்டால் ஓரடி ஆகிவிடும். இறங்கிய வழியே மழைக்காலத்தில் வாய்க்கால். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதைப் பலர் பாத்தி கட்டி முடித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். சரிவான மனைகளில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, வாய்க்காலுக்கு மெல்லிய வாட்டம் கொடுத்து, தென்னை மரத்தின் வட்டப்பாத்திக்கோ மழைநீர்க் குழிக்கோ திருப்பிவிடவேண்டும். சரிவோடு ஒட்டி மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தியை ஜூன் மாதத்தின் முதல் பெருமழையே அரித்துக்கொண்டு போய்விடும்.

ஓரத்துக்கு என்ன வைப்பது? மலையாளி வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை கொல்லையிலேயே கிடக்கிறது. தேங்காய் மட்டையைப் பாதி புதைத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் கட்டியவர்களிடம் மங்களூர் ஓடு மலைபோலக் கிடக்கும். அதைச் செங்குத்தாக நட்டுவிட்டால் பல வருஷம் அசையாது. பிளந்த பாக்குமரத் தண்டு, வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல் எல்லாம் உண்டு. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை மட்டும் யாரும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நகரத்துக் கடைகளில் மரச்சட்டம் போட்டு அழகாகப் பெட்டி செய்து விற்கிறார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கேரளத்து மழையில் பலகை இரண்டு வருஷத்தில் ஊறிப்போகும், இடுக்குகளில் நத்தை குடும்பம் நடத்தும். ஓரமே இல்லாமல் சரிவாக மண்ணைத் தட்டி, மேலே தழை மூடாக்குப் போட்டாலும் பாத்தி நிற்கும். கேரளத்து விவசாயி தலைமுறைகளாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறார்.

அடுத்தது சுண்ணாம்பு. இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், தோற்பவர்களும் அவர்கள்தான். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொட்டிய மழை மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பது இரும்பும் அலுமினியமும், அவற்றோடு புளிப்பும். கேரளத்து மண்ணில் மிகப்பெரும் பகுதி அமிலத்தன்மை கொண்டது. குட்டநாட்டின் கரிநிலங்களில் அமிலம் இன்னும் கடுமை. அப்படிப்பட்ட மண்ணில் எவ்வளவு சாணம் போட்டாலும் செடி வெளுத்தே நிற்கும். சென்டுக்கு 2 முதல் 3 கிலோ நீற்றிய சுண்ணாம்பு தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் விட்டு, பிறகுதான் எருப் போடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். அந்த இரண்டு வாரப் பொறுமைதான் பெரும்பாலோரிடம் இல்லை. மே கடைசியில் நாற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பை எப்போது போடுவது? ஆகவே வேலை மே மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கவேண்டும்.

இன்னும் முன்னால் ஆரம்பிப்பவர்களும் உண்டு. மார்ச், ஏப்ரல் வெயிலில் பாத்தியை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலிதீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி, ஒரு மாதம் அப்படியே விடுகிறார்கள். உள்ளே சூடு ஏறி, பூஞ்சைகளும் களை விதைகளும் பெருமளவு செத்துப்போகின்றன. வேளாண் பல்கலைக்கழகம் நாற்றங்காலுக்குப் பரிந்துரைக்கும் முறை இது. கறுப்புத் தாளைப் போர்த்துபவர்கள் உண்டு. அது களையை அடக்கும், ஆனால் சூடு தாளிலேயே தங்கிவிடும்.

எதற்கு இந்தப் பாடெல்லாம் என்றால், வாடல் நோய்க்காக. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் கேரளத்தில் வளர்க்க நினைப்பவரின் முதல் எதிரி இது. காலையில் பச்சைப்பசேலென்று நின்ற செடி மதியம் தலை தொங்கும், மாலையில் கொஞ்சம் நிமிரும், மூன்றாம் நாள் இலை மஞ்சளாகாமலேயே செத்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள், அது நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். சந்தேகம் இருந்தால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்க்கலாம். வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு கசிவு இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். புளித்த, ஈரம் தேங்கிய மண் அதற்கு மிகவும் பிடித்தது. தெளித்துக் குணமாக்கும் மருந்து கிடையாது.

ஆகவே நோய்க்கு இடம் கொடுக்காத ரகத்தைத் தேடித்தான் நடவேண்டும். பல்கலைக்கழகம் இதற்காகவே ரகங்களை உருவாக்கியிருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. மிளகாயில் உஜ்வலா, அனுக்கிரகா. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா. சந்தையில் கிடைக்கும் பளபளப்பான ஹைபிரிட் தக்காளி விதை பெங்களூரில் காய்த்துத் தள்ளும், திருச்சூரில் பூக்கும் முன்பே சாயும். வாடல் தாங்கும் கத்தரியின் வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டுக்கட்டிய நாற்றுகளும் இப்போது கிடைக்கின்றன. நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும் என்பதை மறந்து கழுத்துவரை புதைத்தால் தக்காளி தன் சொந்த வேரை விட்டுவிடும். ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண். 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது இப்படி நாலு செடி வைத்திருந்தவர் அதிர்ஷ்டசாலி.

ஒரு பாத்தியில் வாடல் வந்துவிட்டால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரிக்கவேண்டும், எருக்குழியில் போடக்கூடாது. அடுத்த சில பருவங்களுக்கு அங்கே காராமணி, வெண்டை, பாகல் என்று வேறு குடும்பத்துக் காய். தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. ஒன்று போனாலும் மற்றது பிழைக்கும், வாய்க்கால் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றின் மேல் ஏறாதவரை. 90 கிலோ மட்கிய சாணத்தோடு 10 கிலோ வேப்பம் புண்ணாக்கும் ஒன்றிரண்டு கிலோ டிரைக்கோடெர்மாவும் கலந்து, நிழலில் ஈரத்தோடு குவித்து, இரண்டு வாரம் வைத்து எடுத்த எரு வேரழுகல் பூஞ்சைகளை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. பத்துக் கிலோ மட்டும் தேவைப்படுபவர் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

கீரைக்குத் தனி வில்லங்கம். மலையாளிக்குச் சிவப்புக் கீரை உயிர். 'அருண்' என்ற பல்கலைக்கழக ரகம் ரத்தச் சிவப்பில் பார்க்கவே அழகு. ஆனால் மழையில் மண் தெறித்து இலையில் பட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழுந்து சல்லடையாகிவிடும். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் கோ-1 பச்சைக் கீரை இந்த நோயைத் தாங்கும். இரண்டையும் கலந்து விதைத்தால் சிவப்பிலும் நோய் குறைகிறது. தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுவதும், தெறிப்பைத் தடுக்க வைக்கோல் பரப்புவதும் அதைவிட முக்கியம். காய்கறி அரசியலில் தமிழகமும் கேரளமும் இந்தக் கீரைப் பாத்தியில் சமாதானமாக இருக்கின்றன.

நோயைச் சமாளித்தாலும் இரவில் வரும் விருந்தாளி இருக்கிறது. ஆப்பிரிக்க நத்தை.

இதன் வரலாறு விசித்திரமானது. கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்த நத்தையை 1847-ல் பென்சன் என்ற ஆங்கிலேய நத்தை ஆராய்ச்சியாளர் மொரீஷியஸிலிருந்து ஆசையாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்து அது இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. கேரளத்தில் பாலக்காட்டில் தலைகாட்டி, பிறகு பத்தனம்திட்டையின் கோன்னி உள்ளிட்ட பல ஊர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஒரு தவணையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 500-க்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டுமென்று வீட்டுச் சுவரின் சுண்ணாம்பையும் சிமென்ட்டையும்கூடச் சுரண்டும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் ஓட்டை மூடிக்கொண்டு தூங்கிவிடும், முதல் மழைக்கு எழுந்து நேரே வெண்டை நாற்றுக்கு வரும். ஒரு பாத்தி நாற்று ஒரு ராத்திரிக்குக் காணாது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம் வீட்டுத் தோட்டங்களில் வண்டலையும் சேற்றையும் கொண்டுவந்து நிரப்பியது. தண்ணீரோடு நத்தையும் புது ஊர்களுக்குப் பயணம் செய்தது.

பயிர் போனால் மறுபடி நடலாம். ஆனால் இந்த நத்தை எலியின் நுரையீரல் புழு ஒன்றைச் சுமக்கிறது. அது மனித உடலுக்குள் போனால் ஒருவகை மூளைக்காய்ச்சல் வரும். குழந்தைகள் நத்தையைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைப்பதும், நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாகத் தின்பதும் ஆபத்து. ஆகவே நத்தை பொறுக்கக் கையுறை அல்லது பிளாஸ்டிக் பை கட்டாயம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவதும்.

பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. மாலையில் ஒரு சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை, தண்டு என்று போட்டுப் பாத்தியோரம் வைத்தால் நத்தைகள் ராத்திரி முழுக்க வந்து சேரும். விடிகாலையில் சாக்கோடு எடுத்துச் செறிவான உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, குழி தோண்டிப் புதைக்கவேண்டும். உப்பைப் பாத்தியில் தூவுபவர்கள் நத்தையோடு செடியையும் கொல்கிறார்கள். கூட்டம் அதிகமானால் 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் நீரில் கொதிக்கவைத்து ஒரு லிட்டராக வற்றவிட்டு, 60 கிராம் மயில்துத்தம் கரைத்த ஒரு லிட்டர் நீரோடு கலந்து, வடிகட்டி, நத்தைமேல் அடிக்கலாம். சுவரோரம், வேலியோரம், பாத்திக்கு வெளியே மட்டும். இலையில் பட்டால் இலை கருகும், தின்கிற கீரையில் அடிக்கவே கூடாது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் பொறுக்கினால் போதாது. பக்கத்து மனை புதராகக் கிடந்தால் சப்ளை குறையவே குறையாது. குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து பொறுக்கிய ஊர்களில்தான் பலன் தெரிந்தது. தேங்காய் மட்டையால் ஓரம் கட்டியவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மட்டையின் குழிவு நத்தைக்கு ஏ.சி. ரூம். வாரம் ஒரு முறையாவது புரட்டிப் பார்க்கவேண்டும்.

பகலில் வருவது கோழி. புதிதாகக் கிளறிய மண்ணில் புழு இருக்கும் என்று கோழிக்குத் தெரியும். கரையோர ஊர்களில் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள், செலவு அதிகமில்லை. வலையைத் தரையில் தொளதொளவென்று விட்டால் சாரைப்பாம்பு சிக்கிக்கொள்ளும். எலியைத் தின்பதே அதுதான், அதைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவதில் அர்த்தமில்லை. வலை இறுக்கமாக, கண் சிறியதாக இருக்கவேண்டும். பாலக்காட்டுப் பக்கம் மயில் பெரிய தலைவலி. தேசியப் பறவை, சட்டத்தின் முழுப் பாதுகாப்பு அதற்கு உண்டு. தோட்டக்காரருக்கு இருப்பது வலை மட்டும்தான். பாகல், புடலைக்குக் காய் ஈ. பிஞ்சாக இருக்கும்போதே காகிதப் பையால் மூடிக் கட்டுவதும், சிரட்டையில் பழுத்த வாழைப்பழமோ வெல்லமோ வைத்துப் பொறி தொங்கவிடுவதும் கேரளத்துப் பந்தல்களில் சாதாரணக் காட்சி.

மலையோர மாவட்டங்களில் காட்டுப்பன்றி வந்தால் பாத்தியாவது வேலியாவது. அறுவடைக்கு நிற்கும் கப்பையையும் சேனையையும் ஒரே இரவில் உழுதுவிடும். 2022-ல் கேரள அரசு, தொல்லை தரும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. ஆனால் பொறுமையிழந்து வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டு மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்கு அருகே, பன்றிக்கு வைத்த மின்கம்பியில் சிக்கி இரண்டு போலீஸ்காரர்கள் இறந்துபோனார்கள். காய்கறி எதுவும் அந்த விலைக்கு ஈடல்ல. சூரியசக்தியில் இயங்கும், விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் அனுமதிக்கப்பட்ட வேலிகள் வேறு, வீட்டு ஸ்விட்சிலிருந்து இழுத்த கம்பி வேறு.

கேரளத்தில் எல்லா இடமும் செம்புரை மண் அல்ல. ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்கு அருகே கஞ்சிக்குழி பஞ்சாயத்தில் சர்க்கரை போன்ற வெண்மணல். அதில் கயிறு திரிக்கத்தான் முடியும் என்று நினைத்திருந்தார்கள். 1990-களின் நடுவில் பஞ்சாயத்து வீடுவீடாகக் காய்கறி இயக்கம் நடத்தியது. மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது, போடும் உரம் தங்காது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். சாணமும் கோழியெருவும் நார்க்கழிவும் ஏராளமாகப் போட்டு மேடு கட்டி, மூடாக்குப் போட்டு, சொட்டு நீர் விட்டு, அங்கே கஞ்சிக்குழிப் பயறு என்று தனிப்பெயர் வாங்கிய நீளக் காராமணியை விளைவித்தார்கள். கேரளத்தில் ரசாயனமில்லாக் காய்கறி என்றால் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் இந்த ஊருடையது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டில் கதை இன்னும் பழசு. வயலைச் சுற்றி எழுப்பிய சேற்றுக் கரைகளே அங்கே மேட்டுப்பாத்தி. தென்னைக்கும் வாழைக்கும் நடுவே அந்தக் கரைகளில்தான் காய்கறி.

மும்பை, மங்களூர்த் தமிழர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும்; மழையும் மண்ணும் கிட்டத்தட்ட உறவுக்காரர்கள். நாக்பூர், போபால் கரிசலில் மழைக்கு மேடு அவசியம்தான், ஆனால் சுண்ணாம்பு வேண்டாம், அந்த மண்ணில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. டெல்லியில் மழை இரண்டு மூன்று மாதத்தோடு சரி. அங்கே உயரமாகக் கட்டினால் மே மாத லூ காற்றில் செடி காய்ந்துபோகும். அரையடி போதும். மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு வாங்குவது எங்கேயுமே பணத்துக்குக் கேடு.

கேரளத்திலும் மேடு வருஷம் முழுக்க மேடாக இருப்பதில்லை. பெட்டிப் பாத்திக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்து கிணறு இறங்க ஆரம்பித்ததும், மழைக்குக் காப்பாற்றிய அதே உயரம் ஈரத்தை இழந்து செடியைக் காயவைக்கும். பழைய விவசாயிகள் அப்போது மேட்டைக் கலைத்து, மண்ணை வழியில் இழுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் ஆழமில்லாத வட்டக் குழிகள் எடுக்கிறார்கள். 'தடம்' என்பது அதன் பெயர். ஜூனில் ஓரச்சுவராக நின்ற தேங்காய் மட்டை ஜனவரியில் குழியைச் சுற்றிக் கவிழ்ந்து மூடாக்காகக் கிடக்கும். வெள்ளரியும் பூசணியும் பாகலும் அதில் இறங்கும், விஷு வரை காய்க்கும். அது முடிந்து கோடை மழையின் முதல் வாசனை வந்ததும் மண்வெட்டி மறுபடி வெளியே வரும். இந்த முறை வழியாக இருந்த இடத்தில் பாத்தி, பாத்தியாக இருந்த இடத்தில் வழி.